முட்டையில் தண்ணீர் கலக்க முடியாது

ஓமலூர் வட்டாரத்துச் சத்துணவு மையங்களில் அடுப்பு பற்றவைப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது: எண்ணுவது. வகுப்பு வகுப்பாக வருகைப் பதிவு முடிந்து, இன்றைக்கு எத்தனை தலை என்று சீட்டு வந்ததும், அட்டையிலிருந்து அத்தனை முட்டைகள் எடுக்கப்படும். ஓர் அட்டைக்கு முப்பது. எடுத்ததை நேராக அடுப்பில் ஏற்றுவதில்லை. அகலமான பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர் பிடித்து அதில் போட்டுப் பார்ப்பார்கள். நல்ல முட்டை அடியில் படுத்துக்கொள்ளும். மிதந்தால் கூமுட்டை, தனியே எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். பிள்ளைகளுக்கு ‘ஆயாம்மா’ ஆகிவிட்ட சமையலர் இதை எந்தச் சுற்றறிக்கையைப் பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை. அவர் வீட்டிலும் அப்படித்தான்.

சத்துணவுத் தட்டில் இருப்பவற்றிலேயே கணக்குப் பார்க்க எளிதானது இந்த முட்டைதான். சாம்பாரில் இரண்டு சொம்பு தண்ணீர் கூடினால் கண்டுபிடிக்க நாக்கு வேண்டும். பருப்பு கால் கிலோ குறைந்ததா என்பது குக்கருக்குத்தான் தெரியும். முட்டைக்கு அந்த வம்பே கிடையாது. எண்பது பிள்ளைகளுக்கு எண்பது முட்டை. எழுபத்தெட்டு வந்தால் இரண்டு பிள்ளைகள் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு அம்மாக்களுக்கும் தெரிந்துவிடும். எந்தத் தணிக்கையாளரும் இவ்வளவு சீக்கிரம் வேலை செய்வதில்லை.

1989இல் மு. கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கியது இந்த முட்டை. 1998இல் வாரத்துக்கு ஒன்றானது. பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி, 2010இல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்று வந்து நின்றது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஓமலூரிலிருந்து சேலத்தைத் தாண்டித் தெற்கே எழுபது கிலோமீட்டர் சொச்சம் போனால் நாமக்கல். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அங்கே அறிவிக்கும் விலையைத்தான் தமிழ்நாடு முழுக்க மளிகைக் கடைக்காரர்கள் காலையில் பார்க்கிறார்கள். பள்ளிகளும் அங்கன்வாடிகளும் வாரத்துக்குக் கோடிக் கணக்கில் முட்டை கேட்கும் வாடிக்கையாளர்கள். குழந்தையின் ஊட்டச்சத்தும் கோழிப் பண்ணையின் நிலையான வியாபாரமும் ஒரே அட்டையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இதில் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. உள்ளூரில் விளைவதை உள்ளூர்ப் பிள்ளை தின்பது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் என்றால் கண்ணும் அதே அளவுக்குத் திறந்திருக்க வேண்டும்.

முட்டையிலும் திருட்டு நடக்காமல் இல்லை. 2024 செப்டம்பரில் திருச்சி மாவட்டம் துறையூரில் ஓர் உணவகத்தின் சமையலறையில் சத்துணவு முட்டைகள் சிக்கின. காட்டிக் கொடுத்தது ஓட்டின்மேல் இருந்த அரசு முத்திரை. அரிசியிலும் பருப்பிலும் முத்திரை குத்த முடியுமா என்ன?

சரி, ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு யார் யார் காசு போடுகிறார்கள்?

அரிசி மத்திய அரசுடையது. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து விலையில்லாமல் மாநிலத்துக்கு வருகிறது. ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 100 கிராம், ஆறு முதல் எட்டு வரை 150 கிராம். பருப்பு, காய்கறி, எண்ணெய், தாளிதம், எரிபொருள் எல்லாம் சேர்ந்த செலவுக்குப் பெயர் பொருட்செலவு. அதை மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்குமாகப் பிரித்துக்கொள்கின்றன. 2025 மே மாதத்திலிருந்து அந்தத் தொகை தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 6 ரூபாய் 78 காசு, நடுநிலைப்பள்ளிப் பிள்ளைக்கு 10 ரூபாய் 17 காசு. 6.78இல் டெல்லியின் பங்கு நாலு ரூபாய் ஏழு காசு, சென்னையின் பங்கு இரண்டு ரூபாய் எழுபத்தொரு காசு. ஒரு முட்டையின் விலையை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கடந்த சில ஆண்டுகளில் நாமக்கல் பண்ணை விலை பெரும்பாலும் நாலு ரூபாய்க்கும் ஆறு ரூபாய்க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. அதாவது, அரிசி நீங்கலாகத் தட்டில் உள்ள மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு அந்த ஒரு முட்டைக்கே ஆகிவிடும். முட்டை இந்த 6.78க்குள் வராது. அது மாநிலம் தன் பையிலிருந்து போடுவது. டெல்லிக் கணக்கு எட்டாம் வகுப்போடு முடிவதால் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சாப்பாடும் மாநிலச் செலவுதான்.

எண்பது பிள்ளைகள் படிக்கும் ஒரு தொடக்கப்பள்ளியை வைத்துக் கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தால் எட்டு கிலோ அரிசி, மத்திய அரசின் அளவுப்படி ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பருப்பு, நாலு கிலோ காய், நானூறு கிராம் எண்ணெய். பொருட்செலவு 542 ரூபாய் 40 காசு. ஓமலூர்ச் சந்தையில் தக்காளி விலை ஏறும் மாதத்தில் இந்தப் பணத்துக்குள் வெஜிடபிள் பிரியாணி செய்வது எப்படி என்பதைச் ‘சத்துணவு டீச்சர்’ என்று ஊர் அழைக்கும் அமைப்பாளரிடம்தான் கேட்க வேண்டும். விலை ஏறினால் பட்டியல் மாறாது; காய்தான் மாறும். தக்காளி போய்ச் சுரைக்காய் வரும்.

அறுபதுக்கு நாற்பது என்ற இந்தப் பிரிவினை புதிதல்ல என்பது ஒரு வேடிக்கை. 1956இல் காமராஜர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக் கல்வி இயக்குநராகவும் இருந்தபோது, எட்டயபுரம் போன்ற ஊர்களில் மக்களே முன்வந்து தொடங்கிய மதிய உணவுக்கு அரசு கைகொடுத்தது. அப்போது ஒரு சாப்பாட்டின் செலவு பத்து காசு. ஆறு காசு அரசு, நாலு காசு ஊர். விகிதம் அப்படியே நிற்கிறது, ஆள்தான் மாறிவிட்டார்கள்: அன்றைக்கு அரசு இருந்த இடத்தில் இன்றைக்கு டெல்லி, ஊர் இருந்த இடத்தில் மாநிலம். ஊர் பணம் போட்ட காலத்தில் மேற்பார்வைக்கு என்று தனி ஆள் தேவைப்படவில்லை. நெல் அளந்து கொடுத்தவரே மதியம் வந்து பானையை எட்டிப் பார்ப்பார். பணம் தூரத்திலிருந்து வரத் தொடங்கியபின்தான் பதிவேடுகள் பெருகின.

அதற்கு முந்தைய கதையிலும் சிக்கல் பணம்தான். 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் முன்னின்று, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க ஏற்பாடானது. பிள்ளைகள் கூடினார்கள், இன்னும் சில பள்ளிகளுக்கும் பரவியது. ஆனால் தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோறு போடக் கூடாது என்றது பிரிட்டிஷ் அரசு. 1925இல் அடுப்பு அணைந்தது. எந்தத் தலைப்பின் கீழ் செலவு எழுதுவது என்ற கேள்வி நூறு வருஷப் பழசு.

1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிக்கு அருகே பாப்பாகுறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, நன்கொடையையும் வெளிநாட்டு உதவியையும் நம்பியிருந்த ஏற்பாடு முழுக்க முழுக்க அரசின் பொறுப்பானது. இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கேட்டவர்கள் அப்போது நிறைய. மத்திய அரசு இந்தப் பக்கம் திரும்பியது 1995 ஆகஸ்ட் 15இல்தான். அப்போதும் பல மாநிலங்கள் பிள்ளைகள் கையில் அரிசியையோ கோதுமையையோ மூட்டையாகக் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தன. சமைத்துத்தான் போட வேண்டும் என்று 2001 நவம்பர் 28இல் சொன்னது உச்ச நீதிமன்றம். 2013இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை உரிமையாக எழுதி வைத்தது: தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம், நடுநிலைக்கு 700 கலோரி, 20 கிராம். 2015இல் வந்த விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. அரிசி வரவில்லை, விறகில்லை, ஆளில்லை என்று எந்தக் காரணத்தால் சாப்பாடு நின்றாலும், விட்டுப்போன சாப்பாட்டுக்கு ஈடாக தானியமும் பணமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பிள்ளைக்குச் சேர வேண்டும். தொடர்ந்து மூன்று பள்ளி நாள் உணவு இல்லையென்றால் யார் தவறு என்று மாநிலம் விசாரித்துப் பொறுப்பைச் சுமத்த வேண்டும். இந்த விதியைப் பற்றித் தெரிந்த பெற்றோர் எத்தனை பேர்?

இப்போது பிரதமர் போஷண் என்ற பெயரில் நடக்கும் மத்தியத் திட்டத்துக்கு, 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு டெல்லி ஒதுக்கியது ரூ.54,061 கோடி, மாநிலங்களின் பங்கு ரூ.31,733 கோடி. தானியத்தின் விலை இதற்கு மேல் தனி. ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுத் திட்டம் ஒன்றைத் தயாரித்து டெல்லியில் உள்ள திட்ட ஒப்புதல் வாரியத்தின் முன் வைக்கும். போன வருஷம் எத்தனை பிள்ளைகள் உண்மையில் சாப்பிட்டார்கள் என்ற எண்ணைப் பார்த்துத்தான் வாரியம் அடுத்த வருஷத்துக்கு அளக்கும். அந்த எண் எங்கிருந்து போகிறது? ஓமலூர் பக்கத்தில் ஒரு ஓட்டுக் கட்டடத்துப் பள்ளியில், நீல மையில் எழுதிய பதிவேட்டிலிருந்து.

அந்தப் பதிவேட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். தேதி, சேர்க்கை, வருகை, சாப்பிட்டவர் எண்ணிக்கை. அதன் பக்கத்தில் அரிசி: தொடக்க இருப்பு, வரவு, செலவு, முடிவு இருப்பு. பருப்புக்கு அப்படியே, எண்ணெய்க்கு அப்படியே, உப்புக்கு, முட்டைக்கு. எல்லாப் பத்திகளும் ‘சாப்பிட்டவர்’ என்ற ஒரே பத்தியைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கின்றன. அங்கே எழுபத்தைந்தை எண்பது என்று எழுதிவிட்டால் மற்றதெல்லாம் சுத்தமாகக் கூட்டிக் கழித்து வரும். மேலே போகிற எந்த அதிகாரியின் கால்குலேட்டருக்கும் பிழை தட்டுப்படாது. நாளொன்றுக்கு ஐந்து தலை கூடுதல் என்றால், 200 நாளில் 100 கிலோ அரிசி, ஆயிரம் முட்டை. பெரிய ஊழல்கள் செய்தியாகின்றன. ஐந்து தலை யாருக்கும் செய்தியல்ல. ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சில இடங்களில் அந்த ஐந்து தலை, எடை குறைந்து வந்த மூட்டையை ஈடுகட்ட எழுதப்படுவது. மூட்டையை எடை போட்டுத்தான் இறக்க வேண்டும். அடுத்த பத்துப் பள்ளிக்குப் போக வேண்டிய லாரி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும்போது அதைச் சொல்வது எளிது.

மேலே இருக்கும் ஏணியும் விநோதமானது. பள்ளி கல்வித் துறையுடையது. சாப்பாடு சமூக நலத் துறையுடையது. அரிசியையும் பருப்பையும் கொண்டுவந்து இறக்குவது உணவுத் துறையின் கீழ் உள்ள நுகர்பொருள் வாணிபக் கழகம். மையத்தை அன்றாடம் கண்காணிக்கும் அலுவலகமோ ஊராட்சி ஒன்றியத்தில், வட்டார வளர்ச்சி அலுவலரின் கீழே. மாவட்டத்தில் ஆட்சியர், அவருக்குச் சத்துணவுக்கென்றே ஒரு நேர்முக உதவியாளர். பானை ஒன்று, துறை நாலு. பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்பார்கள். தலைமையாசிரியர் குறை கண்டால் அமைப்பாளரைத் தானே நடவடிக்கைக்கு உட்படுத்த முடியாது. ஒன்றிய அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்றால் அந்தக் கடிதம் போகும் வழி வேறு.

விதிப்படி, பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஓர் ஆசிரியராவது சுவைத்துப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். சடங்கு மாதிரி தெரியும் இந்தக் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு தேதி இருக்கிறது. 2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாரண் மாவட்டம் கண்டாமன் கிராமத்துப் பள்ளியில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். கசக்கிறது என்று பிள்ளைகளே சொன்னார்கள். சொன்னதைக் கேட்டு, ஒரு கவளம் வாயில் போட்டுப் பார்க்க ஒரு பெரியவர் இருந்திருந்தால் போதும். அதற்குச் சரியாக ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 2004 ஜூலை 16 அன்றுதான், கும்பகோணத்தில் சத்துணவுக் கூடத்து அடுப்பிலிருந்து பற்றிய தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கியதும், தனிச் சமையலறைகளும் எரிவாயு அடுப்புகளும் வேகமாக வந்ததும் அதற்குப் பிறகு. மேற்பார்வை விதிகளில் பலவற்றுக்கு இப்படி ஒரு சாவுத் தேதி உண்டு.

இதற்கு மேலும் அடுக்குகள் உண்டு. தினமும் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று குறுஞ்செய்தி போக வேண்டும். பெற்றோர் இடம்பெறும் பள்ளி மேலாண்மைக் குழு பார்க்கலாம், கேட்கலாம். உணவு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். எல்லா மாவட்டங்களிலும் சமூகத் தணிக்கை நடக்க வேண்டும் என்கிறது மத்திய வழிகாட்டுதல். காகிதத்தில் குறையே சொல்ல முடியாது. ஆனால் இந்த ஏணி முழுவதையும் தோளில் தாங்குபவர் யாரென்று பார்த்தால், மிகக் குறைந்த சம்பளக்காரர்தான். சமையலருக்கும் உதவியாளருக்கும் மத்தியத் திட்டத்தின் மதிப்பூதியம் மாதம் ஆயிரம் ரூபாய், அதுவும் வருஷத்தில் பத்து மாதத்துக்கு மட்டும். 2009இலிருந்து அதே ஆயிரம். தமிழ்நாடு அதோடு நிற்காமல் சிறப்புக் காலமுறை ஊதியம் தருகிறது. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். ஆனாலும் சமையல் உதவியாளரின் ஊதிய விகிதம் 3,000த்தில் தொடங்குவதுதான். பணியிடங்கள் காலியாகக் கிடக்க, ஒரே அமைப்பாளர் இரண்டு மூன்று மையங்களுக்குப் ‘பொறுப்பு’ பார்ப்பது சகஜம். மொபெட்டில் ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் பள்ளியில் முட்டை வெந்திருக்கும். அங்கே எண்ணியவர் யார்?

கொங்குப் பக்கத்தில் எழுதும்போது சாதியை விட்டுவிட்டுப் போக முடியாது. சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை வேண்டும் என்று 2004இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் ஒருவர் சமைக்க வந்ததை எதிர்த்து ஊரில் சிலர் பள்ளியையே மறித்தார்கள். அவர் இடம் மாற்றப்பட்டார்; செய்தி வெளிவந்து எதிர்ப்பு கிளம்பிய பிறகு மாற்றம் ரத்தானது. எந்தப் பதிவேட்டிலும் இதற்குப் பத்தி கிடையாது. ஒன்றாக உட்கார்ந்து ஒரே கையால் சமைத்ததைச் சாப்பிடுவதுதான் இந்தத் திட்டத்தின் பெரிய சாதனை என்று மேடையில் சொல்கிறோம். அது தானாக நடந்துவிடுவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒரு அதிகாரி உறுதியாக நிற்க வேண்டியிருக்கிறது.

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, மறு ஆண்டு ஆகஸ்ட் 25 முதல் மாநிலத்து அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வேறு பாணியில் நடக்கிறது. செலவு முழுவதும் மாநிலத்துடையது. சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர். தன் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும் தாய்க்கு முன்னுரிமை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. எத்தனை மணிக்குச் சமையல் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது என்பது கைபேசிச் செயலியில் ஏறி, மாவட்டத் தலைநகரிலும் சென்னையிலும் அந்த நிமிடமே தெரிகிறது. தறிக்கோ வெள்ளிப் பட்டறைக்கோ விடியும் முன்னே கிளம்பிவிடும் பெற்றோர் நிறைந்த இந்தச் சேலத்து வட்டாரத்தில், காலை எட்டரைக்குச் சூடாக ஏதாவது வயிற்றுக்குள் போவது சின்ன விஷயமல்ல. செயலி நேரத்தைச் சொல்லும், ருசியைச் சொல்லாது என்பது உண்மைதான். ஆனால் சமைப்பவரின் மகளே வரிசையில் மூன்றாவதாகத் தட்டோடு நிற்கிறாள் என்பது, செயலியைவிடப் பலமான கண்காணிப்பு. 1956இல் ஊர்க்காரர் பானையை எட்டிப் பார்த்த வழக்கம் வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது.

மதியம் சாப்பாட்டு மணி அடித்து ஒரு மணி நேரத்தில் தட்டுகள் கழுவப்பட்டுவிடும். சத்துணவு டீச்சர் பதிவேட்டைத் திறந்து அன்றைய வரியை முடிப்பார். தேறியது இத்தனை, கூமுட்டை ஒன்று, மீதி அட்டையில் இத்தனை. மேல்நிலைப் பள்ளி மையமாக இருந்தால் வகுப்புவாரிப் பட்டியல் ஒன்றில் தொடங்கியோ ஆறில் தொடங்கியோ பத்தோடு நிற்கும். எட்டு வரை மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து, ஒன்பதும் பத்தும் மாநிலம் தனியே. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் அதில் பத்தி இல்லை. ஏப்ரல் வரை அதே வளாகத்தில் மிளகு முட்டையோடு சாப்பிட்ட பெண், ஜூனில் பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருகிறாள். கொண்டு வர முடியாத நாளில், சமையலறைப் பக்கம் தெரிந்த முகம் என்று ஆயாம்மா ஒரு கரண்டி போட்டால், அந்தச் சோற்றை எந்தப் பத்தியில் எழுதுவது என்று டீச்சர் யோசிக்க வேண்டியிருக்கிறது.